பஞ்சாயத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் தீர்த்தமலை இருக்கிறது. மலைமீது தீர்த்தகிரீசுவரர் கோயிலும், அதனருகே பாறையினின்று நீர் விழும் இராமர் தீர்த்தமும் உள்ளன. இத்தலத்தின் வரலாற்றை அப்பகுதி மக்கள் நன்கு அறிவர். இராமபிரான் பூசைக்குக் கங்கை நீர் கொணருமாறு அனுமனை அனுப்பினார். குறித்த வேளைக்குள் அனுமன் வந்து சேரவில்லை. ஆகவே இராமபிரான் பாறையின்மீது அம்பு எய்து, அங்கேயே நீரை வருவித்துப் பூசையை முடித்தார். பின்னர் வந்த அனுமன், தாம் கொணர்ந்த நீரை எறிந்துவிட, அது விழுந்த இடமே தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன் தீர்த்தம் என்று கூறுவர்.

இவ்வரலாற்றில் பஞ்சாயத்து அங்கத்தினர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கொணர்ந்த நீரிலும் குறையில்லை. கொணர்ந்தவரின் ஆற்றலிலும் குறையில்லை. வேளை தவறியது ஒன்றே குறை. நம் கிராமங்களிலிருந்து புறப்படும் மனுக்கள், தீர்மானங்கள், மதிப்பீடுகள் பலவற்றிற்கும் நேர்வது இதுவே. கோரிக்கை நியாயமானதாக இருக்கும்; சட்டத்தில் இடமும் இருக்கும்; ஆனால் உரிய அலுவலரின் மேசைக்கு உரிய நாளில் சென்று சேர்ந்திராது.

தீர்த்தமலையிலிருந்து வட்டார வளர்ச்சி அலுவலரைக் காண வேண்டுமானால் அரூர் செல்ல வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அரூரிலிருந்து மேலும் சுமார் 40 கிலோமீட்டர் கடந்து தருமபுரி செல்ல வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு வார்டு அங்கத்தினர் எத்தனை முறை இவ்வாறு சென்று வர இயலும்? சித்தேரி மலையிலுள்ள சிற்றூர் மக்களுக்கோ இத்துன்பம் இன்னும் மிகுதி. இக்குறையை நீக்க இக்காலத்தில் எளிய வழியொன்று உண்டு. அதுவே மின்னஞ்சல். பஞ்சாயத்து அங்கத்தினருக்கு மின்னஞ்சலும், அதற்குரிய கருவியும், அதைக் கையாளும் பயிற்சியும் ஏன் வேண்டும், அவற்றை எவ்வாறு பெறலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வானொலிப் பெட்டியிலிருந்து கணினி வரை

கிராமத்துக்குப் புதிய கருவியைக் கொண்டு சேர்ப்பது நமக்குப் புதிதன்று. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி 1960ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் பஞ்சாயத்து யூனியன்கள் அமைக்கப்பட்டு வந்த காலத்தில், பஞ்சாயத்து வானொலிப் பெட்டி பல ஊர்களில் மக்கள் கூடும் இடமாக இருந்தது. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்ட விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்னும் நெல் ரகத்தைத் திருச்சி வானொலி நிலையத்தின் வாயிலாக அறிந்துகொண்டனர். அதனால் அதற்கு ‘வானொலி நெல்’ என்றே பெயர் வழங்கிற்று. செய்தி உரிய பருவத்தில் வந்து சேர்ந்தால் அது வயலில் விளைச்சலாக மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனினும் வானொலிக்கு ஒரு வரம்பு உண்டு. அது பேசும், நாம் கேட்கலாம், நாம் திரும்பப் பேச இயலாது. மின்னஞ்சலோ இருவழிப் பாதை. அரசாங்கத்தின் சுற்றறிக்கை கிராமத்துக்கு வரும். கிராமத்தின் குறை அரசாங்கத்துக்குச் செல்லும். அனுப்பிய நாளும் நேரமும் அதில் தாமே பதிவாகும். தபாலில் சேர்த்தோம் என்று ஒருவரும், வந்து சேரவில்லை என்று மற்றவரும் கூறிக்கொண்டிருக்க இடமில்லை. மின்னணுப் பதிவுகளுக்குச் சட்டத்தின் ஏற்பு உண்டு என்பதை 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உறுதி செய்திருக்கிறது.

இன்று பஞ்சாயத்தின் பொறுப்புகளும் முன்போல் இல்லை. அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பதினோராவது அட்டவணையில் வேளாண்மை, சிறுபாசனம், குடிநீர், சாலை, ஆரம்பக் கல்வி முதலிய 29 துறைகள் குறிக்கப்பட்டுள்ளன. அதையொட்டி 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. மாநிலத்தில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றின் திட்டமும் கணக்கும் இப்பொழுது பெரும்பாலும் கணினி வழியே செல்கின்றன. 2020 ஏப்ரல் 24 அன்று மத்திய அரசாங்கம் தொடங்கிய ‘இ-கிராம் ஸ்வராஜ்’ என்னும் ஏற்பாட்டில் ஒவ்வோர் ஊராட்சியின் ஆண்டுத் திட்டம், வேலையின் முன்னேற்றம், வரவு செலவு ஆகியவை பதியப்படுகின்றன. 2023ஆம் ஆண்டில் கிராம ஊராட்சிகளின் வரிகளை இணையவழியே செலுத்தும் முறை நம் மாநிலத்தில் தொடங்கப்பட்டது.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. பதினைந்தாவது நிதிக் குழு 2021-22 முதல் 2025-26 வரையான ஐந்தாண்டுகளுக்கு ஊரக ஸ்தல ஸ்தாபனங்களுக்கு மானியம் பரிந்துரைத்தபொழுது, அதில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமே செலவிட வேண்டும் என்று விதித்தது. அத்துடன், ஸ்தாபனங்களின் கணக்குகள் இணையத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைத்தது. கணக்கைக் காலத்தில் பதியாத ஊராட்சி தன் குடிநீர்க் குழாய்க்குரிய பணத்தையே இழக்கும் நிலை இதனால் உண்டாயிற்று. ஆகவே கணினி அறிவு ஆடம்பரமன்று. அது ஊராட்சி நிர்வாகத்தின் அடிப்படைத் தேவையாகிவிட்டது.

தேவையான கருவிகள் யாவை?

பஞ்சாயத்துக்கு வேண்டியவற்றை நான்காகப் பிரித்துக் கூறலாம்.

முதலாவது, இணைய இணைப்பு. கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழைக் கம்பி மூலம் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசாங்கம் 2011ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது ‘பாரத்நெட்’ எனப் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் இப்பணிக்கெனத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்புக் கழகம் அமைக்கப்பட்டது. கம்பியின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியே கொண்டு செல்லப்படுகிறது. இதற்குரிய கருவிப் பெட்டி ஊராட்சி சேவை மையத்திலோ வேறு அரசுக் கட்டடத்திலோ வைக்கப்படுகிறது. அந்த அறையைப் பூட்டிப் பாதுகாப்பதும், மின்சாரம் தடையின்றிக் கிடைக்கச் செய்வதும் ஊரின் கடமை. கருவிக்குரிய மின் இணைப்பைப் பிடுங்கி வேறு உபயோகத்துக்குக் கொடுத்தால் ஊர் முழுவதும் இணைப்பை இழக்கும் என்பதை அனைவரும் உணர வேண்டும்.

இரண்டாவது, கருவி. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கணினி, ஓர் அச்சு இயந்திரம், மின்சாரம் நின்றால் சிறிது நேரம் தாங்கும் மின்கலப் பெட்டி ஆகியவை இருந்தால் போதும். ஒவ்வோர் அங்கத்தினருக்கும் தனிக் கணினி வேண்டுவதில்லை. பலர் கையில் இப்பொழுது செல்பேசி இருக்கிறது. மின்னஞ்சலைப் படிக்கவும், உடைந்த மதகை அல்லது பழுதான மேல்நிலைத் தொட்டியைப் படம் எடுத்து அனுப்பவும் அதுவே போதுமானது. செல்பேசி இல்லாத அங்கத்தினர் அலுவலகக் கணினியை உபயோகிக்க வாரத்தில் இரு நாட்களேனும் நேரம் ஒதுக்க வேண்டும். சைகை கிடைக்காத மலையூர்களின் அங்கத்தினருக்கு இந்த ஏற்பாடு இன்றியமையாதது.

மூன்றாவது, தமிழ் எழுத்து. மின்னஞ்சலுக்கு ஆங்கிலம் வேண்டும் என்னும் அச்சம் பலரிடம் இருக்கிறது. இது தேவையற்ற அச்சம். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை முறையை மாநில அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் ஒருபுறமும் மெய்யெழுத்துகள் மறுபுறமுமாக அமைந்த அம்முறையைச் சில நாட்களில் பழகலாம். முன்னர் ஒரு கணினியில் எழுதியது மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தோன்றும் இடர்ப்பாடு இருந்தது. ஒருங்குகுறி முறை வந்தபின் அது பெரும்பாலும் நீங்கிற்று. விசைகளைத் தட்ட இயலாதவர், வாயால் சொல்லச் சொல்லச் செல்பேசியே எழுதிக்கொள்ளும் வசதியையும் உபயோகிக்கலாம். அவ்வாறு எழுதியதை அனுப்புமுன் ஒரு முறை படித்துத் திருத்துவது நலம்.

நான்காவது, முகவரி. இதுவே நாம் முக்கியமாக வற்புறுத்த விரும்புவது.

முகவரி யாருடையது?

பல இடங்களில் மின்னஞ்சல் முகவரி தலைவரின் சொந்தப் பெயரிலோ, அவருடைய உறவினர் பெயரிலோ, கடைத்தெருவில் கணினி வைத்திருப்பவர் ஏற்படுத்திக் கொடுத்த பெயரிலோ இருக்கக்கூடும். இதனால் விளையும் தீமையைக் கருதிப் பாருங்கள். ஐந்தாண்டு முடிந்து தலைவர் மாறுகிறார். பழைய தலைவர் கடவுச்சொல்லைக் கொடுப்பதில்லை. அல்லது அவரும் மறந்துவிடுகிறார். ஐந்தாண்டுக் கடிதப் போக்குவரத்து முழுவதும் அவரோடு போய்விடுகிறது. தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தலைவருக்கு உரிமை இல்லையென்றால், கடிதங்களை எடுத்துச் செல்ல மட்டும் எவ்வாறு உரிமை உண்டாகும்?

ஆகவே முகவரி பதவியின் பெயரில் இருத்தல் வேண்டும். ஆளின் பெயரில் இருத்தல் ஆகாது. தலைவர், துணைத் தலைவர், ஊராட்சிச் செயலர் ஆகிய பதவிகளுக்கு ஊராட்சியின் பெயரோடு கூடிய முகவரிகள் அமைந்தால், பொறுப்பு மாறும்பொழுது பதிவேடுகளோடு முகவரியும் கைம்மாறும். முன்னர் என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்பதைப் புதியவர் அறிந்துகொள்வார். பதவி ஒப்படைப்புப் பட்டியலில் கணினி, சாவி, முத்திரை ஆகியவற்றோடு மின்னஞ்சல் முகவரியையும் சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லை அன்றே மாற்றவும் வேண்டும்.

இவ்வெண்ணம் நம் நாட்டில் மட்டும் எழுந்ததன்று. இங்கிலாந்து நாட்டில் சிற்றூர்களை நிர்வகிக்கும் ‘பாரிஷ்’ சபைகளுக்கென 2025ஆம் ஆண்டில் வெளியான வழிகாட்டி நூலில், சபைக்கே சொந்தமான இணையப் பெயரில் பொது மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. அங்கும் சொந்த முகவரிகளில் ஊர்க் காரியங்கள் நடந்து வந்ததாலேயே இவ்விதி தேவைப்பட்டது.

மின்னஞ்சல் எழுதும் முறை

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பது நாம் அறிந்ததே. அதனால் பல்லில் கறையும், நாளடைவில் எலும்பில் ஊனமும் உண்டாகின்றன. இக்கேட்டை நீக்கவே ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013ஆம் ஆண்டில் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஒரு குக்கிராமத்துக்குத் திட்டக் குடிநீர் சில நாட்களாக வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மக்கள் மீண்டும் பழைய ஆழ்குழாய்க் கிணற்றுக்குச் செல்லத் தொடங்குகின்றனர். வார்டு அங்கத்தினர் அரூருக்குச் சென்று வாய்மொழியாகக் கூறுகிறார். அலுவலர் வெளியூர் சென்றிருக்கிறார். மறுவாரம் மீண்டும் செல்கிறார். இதற்கிடையே குழந்தைகள் அந்நீரையே குடிக்கின்றனர்.

இதையே மின்னஞ்சலில் எவ்வாறு எழுதலாம்? ‘பொருள்’ என்னும் இடத்தில், ‘குடிநீர் தேவை’ என்று பொதுவாக எழுதாமல், ஊரின் பெயர், வார்டு எண், எந்தத் தொட்டி, எந்த நாள் முதல் நீர் வரவில்லை என்பதை ஒரே வரியில் குறிப்பிட வேண்டும். உள்ளே, எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்பட்டுள்ளன, இப்பொழுது எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுக்கின்றனர், அந்நீர் எப்பொழுது பரிசோதிக்கப்பட்டது, என்ன அளவு காணப்பட்டது என்பவற்றை வரிசையாக எழுத வேண்டும். பின்னர் என்ன செய்ய வேண்டும் என்று கோருகிறோமோ அதைத் தெளிவாகக் கூற வேண்டும். நீர் வரும் வரை லாரி மூலம் வழங்குக, குழாயைப் பழுது பார்க்க இன்ன நாளுக்குள் ஆளை அனுப்புக என்பன போன்று கோரிக்கை திட்டமாக இருத்தல் வேண்டும். தொட்டியின் படத்தையும், பரிசோதனைத் தாளின் படத்தையும் இணைக்க வேண்டும்.

கடிதத்தைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் உரிய பொறியாளருக்கு அனுப்பி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு நகல் அனுப்பலாம். நகல் பெறுவோர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகையால் பொறுப்பைத் தட்டிக் கழிப்பது எளிதன்று. பதில் வராவிடில், ஏழு நாள் கழித்து அதே கடிதத்தின் தொடர்ச்சியாக நினைவூட்டு அனுப்ப வேண்டும். புதிதாக ஒரு கடிதம் எழுதினால் பழைய நாள் மறைந்துவிடும். அதன்பின்னும் பயனில்லையேல், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்னும் முறையில் மாவட்ட ஆட்சியருக்கு முழுத் தொடரையும் அனுப்பலாம். முதற் கடிதம் எந்த நாளில் சென்றது என்பதை அத்தொடரே கூறும்.

மின்னஞ்சல் அனுப்பியதும் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுவதும் தவறு. அதன் நகலை அச்சிட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டவும் வேண்டும். கிராம சபை நம் மாநிலத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடி வந்தது. 2022ஆம் ஆண்டு முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. அனுப்பிய கடிதங்கள், வந்த பதில்கள் என்னும் பட்டியலைக் கிராம சபையின் முன் வைக்கும் பஞ்சாயத்தின்மீது மக்களுக்கு நம்பிக்கை பெருகும்.

மின் கையொப்பச் சாவி

இப்பொழுது பணம் வழங்கும் ஆணைகள் பலவும் கணினி வழியே செல்கின்றன. ஒருவர் ஆணையைத் தயாரிக்க, மற்றொருவர் சரிபார்த்து மின் கையொப்பமிட்ட பிறகே பணம் செல்லும். இரு கண்களுக்கு மேல் இரு கண்கள் பார்க்க வேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம். மின் கையொப்பம் விரல் நீளமுள்ள சிறு சாவியில் அடங்கியிருக்கிறது. அச்சாவியும் அதன் இரகசிய எண்ணும் யார் கையில் உள்ளனவோ அவரே கையொப்பமிட்டவர் ஆகிறார்.

இங்கேதான் பெரும் ஆபத்து இருக்கிறது. ‘எனக்குக் கணினி தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சாவியை மற்றொருவரிடம் கொடுத்துவிடும் தலைவர், எழுதாத காசோலைகளில் கையொப்பமிட்டுப் புத்தகத்தோடு கொடுத்தவருக்கு ஒப்பாவார். பின்னாளில் தணிக்கையில் குற்றம் காணப்பட்டால், சாவியை உபயோகித்தவர் மறைந்துவிடுவார். பொறுப்பு சாவிக்குரியவர் தலையில் விழும். தம் மின் கையொப்பத்தைப் பிறர் கையில் போகாது காப்பது அதற்குரியவரின் கடமை என்று 2000ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது.

இதில் மற்றொரு பெரிய செய்தியும் அடங்கியிருக்கிறது. நம் மாநிலத்தில் 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கும் உரிய இடங்கள் உண்டு. நெடுங்காலம் கிராமத்தின் மன்றத்தில் அமர இடம் பெறாதவர்கள் இன்று அதன் தலைமையில் அமர்கின்றனர். ஆனால் நாற்காலியில் அவரும், கணினியின் முன் அவருடைய கணவரோ, சகோதரரோ, ஊரின் செல்வாக்குள்ளவரோ அமர்ந்தால், சட்டம் கொடுத்த உரிமை கடவுச்சொல்லின் வழியே பறிபோய்விடும். முன்பு கைநாட்டு வாங்கி ஏமாற்றினர். இன்று கடவுச்சொல்லை வாங்கி ஏமாற்ற இடமுண்டு. ஒரு பெண் அங்கத்தினர் தாமே தம் மின்னஞ்சலைத் திறந்து, தாமே படித்து, தாமே பதில் எழுதத் தொடங்கும் நாளே அவர் முழு அதிகாரம் பெறும் நாளாகும். பயிற்சியை நாம் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே.

பயிற்சி எவ்வாறு இருத்தல் வேண்டும்?

கருவி கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே அனுபவம் உண்டு. மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001ஆம் ஆண்டு முதல், சென்னை ஐ.ஐ.டி.யும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இணைந்த ஒரு திட்டத்தின்கீழ்க் கிராமங்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. முதியோர் உதவித்தொகை, சான்றிதழ் முதலியவற்றிற்கு மக்கள் அந்நிலையங்களிலிருந்தே வட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் வழியே மனு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. தொடக்கத்தில் இது நன்கு நடந்தது. மனுக்கள் விரைந்து சென்றன, அலைச்சல் குறைந்தது. ஆனால் ஆர்வமுள்ள அலுவலர்கள் மாற்றலாகிச் சென்றபின் பதில்கள் குறைந்தன. பின்னர் வந்தவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. நிலையங்கள் பலவும் வருமானமின்றி மூடப்பட்டன. மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்தவர் கிராமத்தில் இருப்பது பாதி. அதைத் திறந்து படித்துப் பதில் அளிப்பவர் அலுவலகத்தில் இருப்பது மறுபாதி. இரு பக்கத்தாருக்கும் பயிற்சி வேண்டும் என்பதே மேலூர் நமக்குத் தரும் பாடம்.

இதற்கு மாறாகப் புதுச்சேரியின் அனுபவத்தைப் பார்ப்போம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டு முதல் வில்லியனூரை மையமாகக் கொண்டு சுற்றுக் கிராமங்களில் செய்தி நிலையங்களை அமைத்தது. உள்ளூர் மக்களே அவற்றை நடத்தப் பயிற்சி பெற்றனர். கடலோர ஊர்களில் அலையின் உயரம் பற்றிய செய்தியை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கி மூலம் மீனவருக்கு அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபொழுது, நல்லவாடு என்னும் மீனவ கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். உடனே நிலையத்தின் ஒலிபெருக்கி வாயிலாக ஊரார் எச்சரிக்கப்பட்டு, அலை வருமுன் வெளியேறி உயிர் தப்பினர். அங்கே கருவியும் இருந்தது. அதைக் கையாளும் பழக்கமும் மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆபத்து வந்தபின் பயிற்சி பெற நேரமிராது.

நம் மாநிலத்தில் மறைமலை நகரிலுள்ள மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனமும், அதன் மண்டல நிலையங்களும் பஞ்சாயத்து அங்கத்தினருக்குப் பயிற்சி அளித்து வருகின்றன. அண்டை மாநிலமான கேரளத்தில் 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘இன்பர்மேஷன் கேரளா மிஷன்’ பஞ்சாயத்து அலுவலகங்களைக் கணினி மயமாக்கும் பணியைத் தொடர்ந்து செய்து வந்தது. நம் ஊர்களில் நடைபெறும் பயிற்சி பயன்தர வேண்டுமானால் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம் என்பது நம் கருத்து.

பயிற்சி அங்கத்தினரின் ஊருக்கு அருகே நடைபெற வேண்டும். தீர்த்தமலையைச் சுற்றியுள்ள சில ஊராட்சிகளைச் சேர்த்து ஓரிடத்தில் நடத்தினால், வீட்டையும் கால்நடைகளையும் விட்டு வர இயலாத பெண்களும் பங்குபெறலாம். உரை கேட்டுக் கலைவதாக அது இராமல், ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு மின்னஞ்சலை எழுதி அனுப்பி, பதிலைப் பெற்றுப் படித்த பின்னரே முடிவடைய வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிப்பது பயன் தராது. முதல் நாள் மின்னஞ்சல். ஒரு மாதம் கழித்து ஊராட்சியின் கணக்கை இணையத்தில் பார்க்கும் முறை. பின்னர் மின் கையொப்பமும் பாதுகாப்பும் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். அங்கத்தினர் தம் மகளையோ மகனையோ உடன் அழைத்து வரலாம். வீட்டில் மறந்ததை நினைவூட்ட அவர்கள் உதவுவர். ஆயினும் விசையை அழுத்தும் விரல் அங்கத்தினருடையதாகவே இருத்தல் வேண்டும்.

படிக்கத் தெரியாத அங்கத்தினர் என்ன செய்வது என்று சிலர் கேட்பர். எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் வசதி செல்பேசியில் உண்டு. அதையும் பயிற்சியில் கற்பிக்க வேண்டும். அறிவொளி இயக்கத்தில் முதியோர் பலர் எழுத்தறிவு பெற்ற மாநிலம் இது. கற்க விரும்புவோருக்கு வயது தடையன்று.

எச்சரிக்கையாக இருப்போம்

இணையத்தில் நல்லோரோடு வஞ்சகரும் உலவுகின்றனர். அரசாங்க அலுவலர் போலவும் வங்கி மேலாளர் போலவும் எழுதி, இரகசிய எண்ணைக் கேட்பர். எந்த அலுவலரும் மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ கடவுச்சொல்லையோ ஒருமுறை எண்ணையோ கேட்கமாட்டார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அறியாத இணைப்புகளைத் திறக்க வேண்டாம். ஏமாற்றப்பட்டால் நாணி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பணம் வெளியேறுவதைத் தடுக்க வழியுண்டு. பயனாளிகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பலரும் பார்க்கும் செல்பேசிக் குழுக்களில் இடுதல் கூடாது. அவை மக்கள் நம்மிடம் நம்பி ஒப்படைத்தவை.

விவசாயிகள் செய்யக்கூடியது

இவையெல்லாம் அங்கத்தினருக்கே உரியவை என்று விவசாயிகள் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் தம் ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் எவரும் கடவுச்சொல் இன்றியே பார்க்கலாம். நம் ஊரில் போட்டதாகக் கணக்கில் உள்ள சாலை வயலோரத்தில் உண்மையில் இருக்கிறதா என்பதை ஒரு விவசாயி பார்த்துவிடலாம். இல்லையேல் கிராம சபையில் கேட்கலாம். கேள்வி கேட்கும் மக்கள் இருக்கும் ஊரில் கணக்கு ஒழுங்காக எழுதப்படும்.

தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி அங்கத்தினரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிவுற்று, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. இவ்வாறு பொறுப்பு மாறும் காலங்களிலேயே முகவரியும் பதிவுகளும் சிதறிப்போக இடமுண்டு. அவற்றைச் சேகரித்து ஊராட்சியின் பெயரில் ஒழுங்குபடுத்தும்படி மக்கள் கோர வேண்டும். பதவிக்கு வர எண்ணுவோர், தேர்தல் வரும்வரை காத்திராமல் இப்பொழுதே தமிழில் தட்டெழுதவும், மின்னஞ்சல் அனுப்பவும் பழகிக்கொள்ளலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம், ‘உங்கள் கடவுச்சொல் உங்களிடமே இருக்குமா?’ என்று வாக்காளர் கேட்பதும் முறையே.

முடிவாக, அடுத்த கிராம சபையில் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஊராட்சியின் பெயரில் நிலையான மின்னஞ்சல் முகவரி அமைத்து, அதை அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தல் ஒன்று. அங்கத்தினர் அனைவருக்கும் அருகிலேயே கைப்பழக்கமான பயிற்சி அளிக்குமாறு ஊராட்சி ஒன்றியத்தைக் கோருதல் இரண்டு. வந்த கடிதங்கள், அனுப்பிய பதில்கள் ஆகியவற்றின் பட்டியலைக் கிராம சபைதோறும் படித்தல் மூன்று. இவற்றிற்குப் பெரும் பணம் தேவையில்லை, மனமே தேவை.

தீர்த்தமலையிலிருந்து தருமபுரிக்குச் செல்லும் பாதை நீளம் குறையப்போவதில்லை. ஆனால் அங்குள்ள ஒரு தாயின் குடிநீர்க் குறை அப்பாதை முழுவதும் நடந்து செல்ல வேண்டிய அவசியம் இனி இல்லை. அவளுடைய வார்டு அங்கத்தினர் அன்று மாலையே அதை எழுதி அனுப்பலாம். அனுப்பத் தெரிந்திருந்தால், அவள் குழந்தை நல்ல நீர் குடிக்கும் நாள் அத்தனை நாள் முன்னதாக வரும்.